கட்டை கோதண்டம்

பின்பக்கமாக வரும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பீப் பீப்பென்று கத்த ஆரம்பித்ததும் எல்லோரும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள். கோதண்டமும் ஒதுங்குகிறார். ஒதுங்கிய பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, வண்டி போய்ச் சேரும் வரை கேட்டுக்கொண்டு நிற்கிறார். “ஆறரை” என்கிறார். பக்கத்தில் நிற்பவர் வேலைக்குப் புதியவராக இருந்தால் மணி சொல்கிறார் என்று நினைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பழகினவர்கள் பேசாமல் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

பெயரைக் கேட்டுவிட்டுத் தேடி வருகிறவர்கள் குட்டையான ஆளாகப் பார்த்துத் தேடுவதும் உண்டு. வடக்குப்பட்டு கோதண்டம் பஸ்ஸில் ஏறினால் குனிந்துதான் நிற்க வேண்டும், அவ்வளவு உயரம். கட்டை என்பது உடம்பைப் பற்றிய பேச்சு அல்ல, சுருதியைப் பற்றியது. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையில் ‘ச’வை வைத்துப் பாடுகிறார்களோ அது பாடுகிறவரின் கட்டை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை; பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை என்று பொதுவாக ஒரு கணக்கு. கோதண்டத்துக்குப் பாடுகிறவர்கள் மட்டும் போதாது. முதல் ஷிப்ட் சங்கு அவருக்கு நாலு. சேரப்பணஞ்சேரி வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் ஒன்று, அதிலும் சுத்தமான ஒன்று. வீட்டு மிக்சி தேங்காய் போட்டால் ரெண்டரை, அரைபட்ட பிறகு மூன்று. சூப்பர்வைசர் கோபம் வந்தால் மூன்றில் தொடங்கி ஐந்தில் முடிப்பார். “அதுக்கு மேல அவரால போவ முடியாது, பாவம்” என்று கோதண்டம் பரிதாபப்படுவார்.

ஒரகடத்தில் கார் கதவுக்கு ஸ்விட்ச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கடைசி மேசை அவருடையது. கண்ணாடியை ஏற்றவும் இறக்கவும் நாம் அலட்சியமாக அழுத்துகிற அந்தச் சின்ன ஸ்விட்ச், பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கோதண்டத்தின் விரலைத் தாண்டிப் போக வேண்டும். மற்றவர்கள் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். இவர் மோதிர விரலால் அழுத்துவார். “மோதிர வெரலு சுத்த சோம்பேறி. அதுக்கே அமுங்குச்சுனா எவனுக்கும் அமுங்கும்” என்பது அவர் சொல்லும் நியாயம். லைன் நின்றிருக்கும் நேரத்தில் பத்து விரலும் மேசை விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பாட்டு என்று கேட்டால் சிரிப்பார், சொல்ல மாட்டார்.

தொழிற்சாலையில் அவருக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு, சம்பளம் கிடையாது. இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனி கீபோர்டாக இருந்தாலும் அதற்குப் பெயர் கேசியோதான். யார் வீட்டில் கேசியோ வாங்குவதானாலும் கோதண்டத்தை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்க மாட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பிள்ளைப்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆறுமுகநயினார் ஒரு நாள் கேன்டீனில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, நல்ல கேசியோவா ஒண்ணு சொல்லுங்க. ரூம்ல நாலு பேரு கெடக்கோம். சத்தம் வெளிய வரப்பிடாது, பாத்துக்கிடுங்க.”

வேறு யாராக இருந்தாலும் எவ்வளவில் வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். கோதண்டத்தின் முதல் கேள்வி எப்போதும் வேறு. “ரூம்ல யாரு பாடுவாங்க?”

“பாடவா? ஒருத்தனும் பாட மாட்டான். குறட்டைதான்.”

“அப்ப பேஜாரே இல்ல. ஹெட்போன் ஓட்டை கீதான்னு பாத்து எத்த வேணா வாங்கு. பாடற ஆளு வூட்ல இருந்தாதான் உசாரா வாங்கணும். கட்டை மாத்தற பட்டன் மேலயே கீதா, இல்ல உள்ள ஒளிச்சு வச்சிகிறானான்னு பாக்கணும். பாடறவங்க கட்டைக்கு நாமதான்பா போவணும். அவங்க நம்ம கட்டைக்கு வர மாட்டாங்க.”

இந்தக் கடைசி வார்த்தையை அவர் எல்லோரிடமும் சொல்வார். சொல்லும்போது பெரிய மனிதத் தோரணை ஒன்று முகத்தில் வந்து உட்காரும்.

டீ ஆறும் வரை கேட்கப் பொறுமை இருந்தால், கீபோர்டு பியானோவாக வளர்ந்த கதையையும் சொல்வார். பஜனைக் கோவில் ஆர்மோனியத்தில் தொடங்கும். பிறகு துபாயிலிருந்து யாரோ சூட்கேஸில் வைத்துக் கொண்டுவந்த சின்னக் கீபோர்டு. அதில் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம், தடவிக் கொடுத்தாலும் ஒரே சத்தம். பியானோ என்று எழுதியிருந்த பட்டனை அழுத்தினால் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டிய சத்தம் வரும். அதற்கே ஊர் வாயைப் பிளந்தது. அப்புறம் மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசுகிற கீபோர்டு வந்தது. ஃப்ளாப்பி போடுகிற ஓட்டை வந்தது, அது போய்ப் பென் டிரைவ் வந்தது. நிறையச் சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் முதலில் அழுத்திய சுரம் பஸ்ஸில் சீட்டு விட்டுக்கொடுத்தவனைப் போலச் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விடும் காலம் அது.

“இப்ப அப்டி இல்லபா” என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கும். “மெய்யான பெரிய பியானோவ ஒவ்வொரு கட்டையா மெதுவா, நடுவாந்தரமா, ஓங்கின்னு அட்சு ரெக்கார்ட் பண்ணி உள்ள வச்சிகிறான். எண்பத்தெட்டு கட்டை. உள்ள சுத்தி மாரி ஒண்ணு கீது, விரலுக்கு வெயிட்டு தெரியும். இடது பக்கம் கனமா இருக்கும், வலது பக்கம் போவப் போவ லேசாவும். மிதிக்கிற பெடல் சத்தம் கூட வர்துபா. அதெல்லாம் ஒருத்தன் குந்திகினு யோசிச்சிருக்கான் பாரேன்.”

இத்தனை தெரிந்தவர் வீட்டில் இருப்பது மழையில் நனைந்த ஒரு பழைய கீபோர்டு. புதிதாக வாங்கச் சொன்னால் அடுத்த வருஷம் இன்னும் நல்ல மாடல் வருகிறது என்பார். அடுத்த வருஷம் வந்தால் அதற்கடுத்த வருஷத்தைக் காட்டுவார். மாடல் ஒரு சாக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கோதண்டம் பிறந்ததிலிருந்து ஸ்விட்ச் அழுத்திக்கொண்டிருந்தவர் அல்ல. வெண்ணிலா இன்னிசைக் குழுவின் கீபோர்டு அவர்தான். ஆடி பிறந்தால் படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எந்த அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினாலும் அன்று பொழுது சாய்ந்ததும் வெண்ணிலாவின் மேடைதான். லாரியின் பக்கவாட்டைத் திறந்து போட்டால் மேடை தயார். ஜெனரேட்டர் பக்கத்திலேயே தடதடவென்று ஓடும். டியூப் லைட்டுக்கு வந்த பூச்சி மைக்கில் மொய்க்கும், வாயைத் திறந்தால் உள்ளே போகும். எதையும் சட்டை செய்யாமல் சசிகலா பாடுவார். அப்போது குழுவின் பாடகி, பிறகு கோதண்டத்தின் மனைவி. கையில் பேப்பர் கிடையாது, எல்லாப் பாட்டும் மனப்பாடம். அவருடைய கட்டை ஆறு. அந்த நாட்களை நினைத்தால் கோதண்டத்துக்கு இன்றும் டீசல் வாசனையும் வேப்பிலை வாசனையும் சேர்ந்து வரும். வேறு எதையும் இவ்வளவு ஆசையாக அவர் நினைத்துக்கொள்வதில்லை.

பாடும்போது பேச முடியாது என்பதால் வெண்ணிலாவில் ஒரு சைகை வைத்திருந்தார்கள். பாடுகிறவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுண்டுவிரலை நீட்டுவார். மேலே காட்டினால் அரைக் கட்டை ஏற்று, கீழே காட்டினால் அரைக் கட்டை இறக்கு. விரலை மடக்கினால் போதும் என்று அர்த்தம். பனியில் தொண்டை கட்டிய ஆண் பாடகர்கள் கூச்சமில்லாமல் கீழே காட்டுவார்கள். சசிகலா ஒரு நாளும் கீழே காட்டியதில்லை. ஜலதோஷத்தோடு பாடிய அன்றும் அவர் விரல் மேலே பார்த்துத்தான் நீண்டது. “எறக்கிப் பாடறதுக்கு வூட்லயே குந்திகினு இருக்கலாம்” என்று மற்றவர்களைச் சீண்டுவார். அந்தத் திமிரைப் பார்த்துத்தான் கோதண்டம் கவிழ்ந்தார் என்று பழைய கூட்டாளிகள் சொல்கிறார்கள்.

சைகை வந்தால் கோதண்டத்துக்கு ஒரே ஒரு வேலைதான், பட்டனை அழுத்துவது. எல்லாப் பாட்டையும் அவர் ஒண்ணாம் கட்டையிலிருந்துதான் கற்றிருந்தார். விரல் எப்போதும் அதே இடத்தில் ஓடும். பாடகருக்குத் தகுந்தபடி சுருதியை மாற்றுகிற பாரத்தைக் கீபோர்டு சுமந்துகொள்ளும். மேடைக்காரர்கள் பலர் இப்படித்தான். பட்டனைத் தொடாமல் ஐந்தரையில் வாசியுங்கள் என்றால் கறுப்புக் கட்டைகள் அவருக்குச் சூடான தோசைக்கல்லாகிவிடும். இதை அவர் மறைத்ததும் இல்லை, இதற்காக வெட்கப்பட்டதும் இல்லை.

கடைசிக் கச்சேரி வடக்குப்பட்டிலேயே நடந்தது. மகள் ரஞ்சனி அப்போது தூளியில் கிடந்த குழந்தை. நடுப் பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் வந்து சேர்வதற்குள் கீபோர்டு குளித்துவிட்டது. காயவைத்து ஆன் செய்தபோது உயிர் வந்தது, கட்டை மாற்றும் பட்டனுக்கு மட்டும் வரவில்லை. கடைசியாக எதில் நின்றதோ அதிலேயே நின்றுவிட்டது. ஒண்ணாம் கட்டையைத் தொட்டால் ஆறு கேட்கும், சசிகலாவின் ஆறு.

சில வாரங்களில் சசிகலாவுக்குத் தொண்டையில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, குரலும் திரும்பி வந்தது. ஆனால் வந்தது வேறு குரல். இறங்கி, கொஞ்சம் கரகரத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் வாசிக்க, சசிகலா பாடிப் பார்த்தார். மேலே போகிற இடத்தில் பிசிறியது. மறுபடி பாடினார், மறுபடி பிசிறியது. சிரித்துக்கொண்டே எழுந்தார். “என் கட்டை பூட்ச்சுயா. வுடு.” அதற்குப் பிறகு அவர் பாடிக் கோதண்டம் கேட்கவில்லை. குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் சசிகலா வேலைக்குச் சேர்ந்தார். இப்போது லைன் லீடர். அதட்டினால் லைனின் அந்தக் கோடி வரை கேட்கும் என்கிறார்கள்.

கீபோர்டைச் சென்னையில் ரிப்பேர்காரர் ஒருவரிடம் கோதண்டம் கொண்டுபோனதும் உண்டு. ஒரு பட்டன்தானே, மாற்றிவிடலாம் என்றார் அவர். கோதண்டம் கீபோர்டைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். “அது அவ கட்டை. அத்த எதுக்கு மாத்தணும்?” வேலை விட்டு வந்து குளித்ததும் கொஞ்ச நேரம் அதில் வாசிப்பது அவர் வழக்கம். மனைவிக்குச் செய்கிற மரியாதை என்றே நினைத்திருந்தார். பாட்டு ஆறில் தயாராக நிற்கிறது, என்றைக்காவது சசிகலா வந்து ஏறிக்கொள்வார் என்று ஒரு நப்பாசை. சசிகலா மறுபடி பாட வேண்டும். உலகத்தில் அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவர் வாசிக்க உட்கார்ந்தால் சசிகலாவுக்கு மாடியில் துணி எடுக்கிற வேலை வந்துவிடும். அது ஏன் என்று மட்டும் கோதண்டம் யோசித்ததே இல்லை.

இந்த நிலைமையில் கல்லை எறிந்தது ரஞ்சனியின் பியானோ மிஸ். படப்பைப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ரஞ்சனி பியானோ கற்கிறாள். கிரேடு பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். வகுப்பில் மிஸ் ஒரு சுரத்தின் பெயரைச் சொல்லிப் பாடச் சொன்னால் இவள் சளைக்காமல் வேறொன்றைப் பாடுகிறாள். தப்பு என்றால் கண் கலங்குகிறது. வீட்டில் அப்படித்தான் கேட்கிறது என்று சாதிக்கிறாள். மிஸ் விசாரித்துப் பார்த்து, அந்தக் கீபோர்டில் பழகினால் பிள்ளையின் காதே கெட்டுவிடும், பரீட்சைக்குள் டிஜிட்டல் பியானோ வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

“வாங்கியா, சும்மா அடுத்த வருசம் அடுத்த வருசம்னு ரீல் வுடாத” என்றார் சசிகலா. “பழச எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு வா. வூட்ல எடமில்ல.”

அந்தக் கடைசி வரியில் கோதண்டத்தின் முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் பழைய கீபோர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரஞ்சனியோடு கிளம்பினார். எக்ஸ்சேஞ்சில் இதை எடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று ஷேர் ஆட்டோவிலேயே திட்டம் தயார்.

தாம்பரம் கடையில் இவர்களைக் கவனித்துக்கொண்டது கவியா என்ற பெண். தென்காசிப் பக்கம், பேசியதும் தெரிந்துவிட்டது. சுவர் ஓரம் பியானோக்கள் வரிசையாக நின்றன. கோதண்டம் முதல் பியானோவின் முன் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மோதிர விரலால் ஒண்ணாம் கட்டையைத் தொட்டார். கட்டையின் கனத்தை விரல் ரசித்தது. காது முகம் சுளித்தது.

“இன்னாம்மா, இத்த டியூன் பண்ணலியா?”

“டிஜிட்டலுக்கு டியூன் பண்ண வேண்டாம் அண்ணாச்சி.”

அடுத்ததற்கு நகர்ந்தார். அதே சுளிப்பு. அதற்கடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பியானோவிலிருந்து எழுந்து, கொள்ளை நடந்த வீட்டைப் பார்ப்பது போலக் கடையைச் சுற்றிப் பார்த்தார். “மொத்தக் கடையும் தப்பா கீதேம்மா.”

ரஞ்சனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கவியா சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுருதி பார்க்கும் ஆப்பைச் செல்போனில் திறந்து பியானோ மேல் வைத்தாள். “நீங்களே தொட்டுப் பாருங்க.” கோதண்டம் தொட்டார். முள் நட்டநடுவில் நின்றது. வேறு பியானோவில் தொட்டார். அங்கேயும் நடுவிலேயே நின்றது.

“அப்பா, நம்ம வூட்டுதுதான்பா ராங்கு” என்றாள் ரஞ்சனி கையை எடுக்காமலே. “மிஸ் அப்பவே சொன்னாங்க.”

கோதண்டம் மெல்ல உட்கார்ந்தார். ஃபோர்க்லிஃப்ட் பீப்பை வாய்க்குள் முனகிக்கொண்டே கட்டைகளில் தேடினார். அவருடைய ஆறரை அகப்பட்ட இடம் ஐந்து. பஸ் ஹாரனைத் தேடினார்; சுத்தமான ஒன்று என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது ஆறு. சங்கு நாலு இல்லை, ரெண்டு. பட்டன் ஆறில் நின்றுவிட்டது என்பது அவர் மனசுக்கு எப்போதும் தெரியும். ஆனால் காது நாளடைவில் அந்த ஆறையே ஒன்று என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து உலகத்தை எண்ண ஆரம்பித்துவிட்டது.

“இத்தினி வருசமா ஊருக்கே தப்பா கட்டை சொல்லிகினு இருந்திருக்கேம்மா” என்று சத்தமாகச் சிரித்தார். கவியாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும், அந்தப் பட்டனை ஏன் மாற்றவில்லை என்று கேட்டாள். கேட்க ஆள் கிடைத்தால் விடுவாரா? மேடை, மழை, ஆபரேஷன், ஆறு எல்லாவற்றையும் சொன்னார்.

கவியா எல்லாவற்றையும் கேட்டு முடித்துச் சாதாரணமாகத்தான் விசாரித்தாள். “அப்பம் அக்காவுக்கு இப்பம் எத்தன கட்டை அண்ணாச்சி?”

கோதண்டம் ரஞ்சனியைத் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸுக்கும் மிக்சிக்கும் கட்டை சொல்கிற மனிதர், ஒரே கூரையின் கீழே இருக்கிற குரலின் கட்டையைக் கேட்டுப் பார்த்ததில்லை.

“அம்மாவுக்கா?” என்றாள் ரஞ்சனி. “நீ ஷிப்ட்ல இருக்க சொல்ல பாடுவாங்களே. பாத்திரம் கழுவ சொல்ல. மெதுவா. நீ வந்து கீபோர்ட போட்டினா நிறுத்திடுவாங்க.”

“எங்கைல சொல்லவே இல்லியே நீ?”

“உனுக்குத் தெரியும்னு நெனச்சேன்பா.”

கோதண்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஆசை ஆசையாக, தினமும் குளித்துவிட்டு உட்கார்ந்து, மனைவியால் ஏற முடியாத படிக்கட்டைத்தான் நடு வீட்டில் போட்டு வைத்திருந்தார். பாடறவங்க கட்டைக்கு நாம போகணும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் அது. சசிகலா ஒரு நாளும் வாசிக்காதே என்று சொல்லவில்லை. துணி எடுக்க மாடிக்குப் போனார், அவ்வளவுதான்.

கோதண்டம் எழுந்தார். பல மாதங்களாக வீடியோ பார்த்து மனதில் முடித்து வைத்திருந்த மரப்பெட்டிப் பியானோவில் சுருதியை மாற்றச் செல்போன் ஆப்புக்குள் போய்த் தேட வேண்டியிருந்தது. அதை விட்டுவிட்டார். ஓரத்தில் நின்ற சாதாரண பியானோ ஒன்றில் சின்னப் பட்டன் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கோடியில் ஒரு கட்டையைத் தொட்டால் அரைக் கட்டை இறங்கும் என்று கவியா காட்டினாள். பார்க்காமல் செய்ய வரும் வரை கோதண்டம் அதையே செய்து பழகினார். பாட்டு ஒன்றும் வாசிக்கவில்லை. “இத்தயே பில்லு போடும்மா” என்றார். துணியைப் பிரித்துப் பழைய கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கவியாவின் கையில் கொடுத்தார். எக்ஸ்சேஞ்சில் எடுக்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை.

புதுப் பியானோ லோடு ஆட்டோவில் வந்து கூடத்தில் இறங்கியது. சசிகலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றி வந்தார். “கட்டில் மாரி கீதே. இதுல யாரு படுக்கறது?” ரஞ்சனி பரீட்சைப் பாடத்தை வாசித்தாள். சுரத்தின் பெயரைச் சொல்லிப் பாடியும் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போனதும் ஒரு குதி குதித்தாள். பிறகு அப்பாவுக்கு இடம் விட்டு எழுந்தாள்.

கோதண்டம் உட்கார்ந்தார். பழக்கதோஷம், கை முதலில் சுருதியை ஆறுக்குக் கொண்டுபோனது. தொழிற்சாலை மேசை விளிம்பில் தினமும் ஓடுகிற பாட்டின் முன்னிசையைத் தொடங்கினார். வெண்ணிலாவில் சசிகலா எப்போதும் முதலில் பாடுகிற பாட்டு. சசிகலா மாடிப்படியைப் பார்த்துத் திரும்பினார். காய்ந்த துணியெல்லாம் மடித்துக் கட்டில் மேல்தான் இருந்தது.

கோதண்டம் வாசிப்பை நிறுத்தினார். “சசி.”

“இன்னா?”

“உனுக்கு இப்ப எத்தினி கட்டை?”

சசிகலா திரும்பவில்லை. “எனுக்கு இன்னா கட்டை. வெறகுக் கட்டை.”

வேறு நாளாக இருந்தால் கோதண்டம் சிரித்திருப்பார். இன்று மறுபடி முன்னிசையைத் தொடங்கினார். பாட்டு தொடங்க வேண்டிய இடம் வந்ததும் நிற்காமல் முதலுக்குப் போனார். பாடகர் மைக்குக்கு வந்து சேரும் வரை மேடையில் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். ரஞ்சனி ஏதோ கேட்க வந்தாள், கையமர்த்தினார். முன்னிசை திரும்ப வந்தது, திரும்பப் போனது. சசிகலா படியில் கால் வைக்காமல், அவருக்கு முதுகைக் காட்டியபடி அங்கேயே நின்றிருந்தார்.

சசிகலாவின் வலது கை முந்தானையை விட்டு மெதுவாக முதுகுக்குப் பின்னால் வந்தது. சுண்டுவிரல் நீண்டது. கீழே காட்டியது.

கோதண்டம் பட்டனைப் பிடித்துக்கொண்டு கட்டையைத் தொட்டார். ஐந்தரை. சசிகலாவின் விரல் அப்படியே இருந்தது. ஐந்து. இன்னும் கீழேயே காட்டியது.

நாலரை. சுண்டுவிரல் மடங்கியது.